குளிர்நீரில் நீந்தலாமா?

(பத்தாம் வகுப்பு மாணவி)

“பச்சைத் தண்ணீரில் குளிக்காதே, சளி பிடிக்கும்” என்ற எச்சரிக்கையைக் கேளாமல் வளர்ந்த பெண் நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஒருத்தியேனும் இருப்பாளா என்பது சந்தேகமே. கார்த்திகை பிறந்து மலைக்காற்று இறங்கத் தொடங்கினால் போதும், வீட்டுக்கு வீடு வெந்நீர் கொதிக்கத் தொடங்கிவிடும். ஆற்றுக்குப் போகட்டுமா என்று கேட்டாலும் இதே பதில்தான் வரும். “காய்ச்சல் வந்தால் பரீட்சை என்ன ஆவது?” என்று சேர்த்துக் கேட்பார்கள். தடை சரியா தவறா என்று பிறகு பார்ப்போம். அதற்குச் சொல்லப்படும் காரணம் தவறு என்பதே என் தாழ்மையான கருத்து. தவறான காரணத்துக்குப் பயந்து வளர்ந்தவளுக்கு, உண்மையான அபாயம் எது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அதுதான் எனக்குக் கவலை அளிக்கிறது.

முதலில் சளியைப் பற்றிப் பேசி முடித்துவிடுவோம். ஜலதோஷத்தை உண்டாக்குவது வைரஸ் கிருமி. கிருமி இல்லாத இடத்தில் எத்தனை குடம் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாலும் ஜலதோஷம் வராது. குளிர்காலத்தில் சளி மிகுதி என்பது உண்மையே. ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் எல்லோரும் ஒருவர் மூச்சை ஒருவர் சுவாசிப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நம் வகுப்பறையில் ஒருத்தி தும்மினால் மறுவாரம் வரிசையாகப் பத்துப் பேர் தும்முகிறோமே, அவர்கள் அத்தனை பேரும் ஆற்றிலா குளித்தார்கள்?

நெதர்லாந்து நாட்டில் 3,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2016-ல் வெளியாயிற்று. வழக்கம்போல் வெந்நீரில் குளித்துவிட்டு, கடைசியில் 30 விநாடியோ 60 விநாடியோ 90 விநாடியோ குளிர்ந்த நீரில் நிற்க வேண்டும். 30 நாட்கள் இப்படிச் செய்தவர்கள், செய்யாதவர்களைவிட 29 சதவீதம் குறைவாகவே வேலைக்கு விடுப்பு எடுத்தார்களாம். ஆனால் நோயுற்றிருந்த நாட்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் காணப்படவில்லை. அதாவது உடம்பு சரியில்லாமல்தான் போயிற்று, ஆனாலும் எழுந்து வேலைக்குப் போனார்கள்! இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. குளிர்நீர் நோயை விரட்டும் சர்வரோக நிவாரணி என்று கூறுவோருக்கும், குளிர்நீர்தான் நோய் என்று கூறும் நம் பாட்டிமார்களுக்கும் இந்த ஆராய்ச்சி ஒரே அடியில் பதில் சொல்லிவிடுகிறது.

அப்படியானால் எதற்குப் பயப்பட வேண்டும்? முதல் ஒரு நிமிடத்துக்கு.

நமது தேகத்தின் உஷ்ணம் ஏறத்தாழ 37 டிகிரி. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கடத்திச் செல்லும். ஆகையால்தான் 20 டிகிரி காற்று சுகமாகவும், அதே 20 டிகிரி தண்ணீர் பல் கிட்டவைப்பதாகவும் இருக்கிறது. குளிர்ந்த நீரில் திடீரென்று விழும்போது, தோலில் உள்ள நரம்புகள் ஒரே சமயத்தில் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. உடனே நம்மைக் கேளாமலே வாய் திறந்து ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கிறது. பிறகு மூச்சு மேலும் கீழும் இரைக்கிறது, இருதயம் படபடக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. இது ஏறத்தாழ அரை நிமிடத்தில் உச்சத்தை அடைந்து, இரண்டு மூன்று நிமிடங்களில் தானே தணிந்துவிடும். பயந்தவளுக்கும் இது நேரும், தைரியசாலிக்கும் நேரும். மன உறுதியால் இதை நிறுத்த இயலாது. அந்த முதல் மூச்சை இழுக்கும் வேளையில் முகம் தண்ணீருக்கு வெளியே இருந்தால் உள்ளே போவது காற்று. முகம் தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர். பாறையிலிருந்து தலைகீழாகக் குதிப்பவர்களைப் பார்த்துக் கைதட்டும் நம்மவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இருதயத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு. தோலில் குளிர் பட்டால் இருதயம் வேகமாகத் துடிக்க வேண்டும் என்பது ஒரு கட்டளை. முகம் நீரில் மூழ்கி மூச்சை அடக்கினால் இருதயம் மெதுவாகத் துடிக்க வேண்டும் என்பது இன்னொரு கட்டளை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால், ஒரு மாணவியை இரண்டு ஆசிரியைகள் இரு திசைகளில் அழைத்தது போல இருதயம் தாளம் தவறுகிறது. இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக் டிப்டன் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். திடமான இருதயம் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். இருதய நோயோ, உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் குளிர்நீரின் மூச்சிரைப்பு நல்லதல்ல. தகப்பனாருக்கு மாரடைப்பு வந்த பிறகும், விடியற்காலையில் அருவியில் தலையைக் கொடுப்பேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், பெண் பிள்ளைகள் நாம் குறுக்கே நின்று தடுக்கலாம், தவறில்லை.

“இதெல்லாம் பனி உறையும் நாட்டுக்காரர்களுக்கு, நமக்கு எதற்கு?” என்று கேட்பீர்கள். நம் ஆற்றில் பனிக்கட்டி மிதப்பதில்லை என்பது மெய்தான். ஆனால் நீரின் வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே போனாலே இந்தத் திணறல் தொடங்கிவிடும் என்றும், 10 முதல் 15 டிகிரியில் அது உச்சமாகிவிடும் என்றும் ஆராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள். நடுப்பகல் வெயிலில் வியர்த்து விறுவிறுக்க மலைப்பாதை ஏறி வந்து, அந்தச் சூட்டோடு அருவியின் கசத்தில் குதிப்பவனைப் பாருங்கள். அவனுடைய தோலுக்கும் அந்த நீருக்கும் உள்ள வித்தியாசம் சிறிதல்ல. கிணற்றிலும் இப்படித்தான். மேலே ஒரு முழம் வெதுவெதுப்பு, கீழே போகப் போகச் சில்லென்று இருக்கும். மேல்தண்ணீரில் கையை விட்டுப் பார்த்துவிட்டு நம்பிக் குதிப்பவர்களை அடித்தண்ணீர் ஏமாற்றிவிடுகிறது.

மேலும் நம் பள்ளத்தாக்கின் தண்ணீருக்கென்று தனியாக ஒரு குணம் உண்டு. அது எங்கோ பெய்த மழையைச் சுமந்துகொண்டு வரும். பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரையில் வானம் வெளுத்திருக்கும். ஆனால் மேலே கொடைக்கானல், வட்டக்கானல் பக்கம் மழை கொட்டினால், சற்று நேரத்தில் இங்கே பாறைகள் மூழ்கும். வனத்துறையினர் குளிக்கத் தடை விதிப்பது அதனால்தான். சுருளியிலும் அவ்வாறே. மேகமலைப் பக்கத்து மழை அங்கே வெள்ளமாக இறங்கும். தடை போட்டால் “இவ்வளவு தூரம் வந்தோமே” என்று காவலரிடம் சண்டை பிடிப்பவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல!

முல்லைப் பெரியாற்றுக்கு மழைகூட வேண்டியதில்லை. பென்னிகுவிக் துரை 1895-ல் கட்டி முடித்த அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகத் தமிழகத்துப் பக்கம் வந்து, ராட்சதக் குழாய்களில் லோயர்கேம்புக்கு இறங்கி, மின்சாரம் தந்துவிட்டு ஆற்றில் சேருகிறது. லோயர்கேம்ப் முதல் நம் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல் இந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது என்பதை ஒவ்வொரு ஜூன் மாதமும் பத்திரிகையில் படிக்கிறோம். அணையில் திறப்பு கூடினால் ஆற்றில் தண்ணீர் கூடும். நேற்று முழங்கால் அளவு இருந்த இடம் இன்று மார்பளவு இருக்கலாம். தடுப்பணையின் பாசி படிந்த சரிவில் கால் வழுக்கினால் கீழே என்ன ஆழம் என்பது யாருக்கும் தெரியாது. வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாவுக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு இது எப்படித் தெரியும்? “ஆழம் தெரியாமல் காலை விடாதே” என்று சொன்னவர்கள் ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இத்தனை சொன்ன பிறகு, குளிர்நீரே கூடாது என்று நான் முடிப்பேன் என நினைக்க வேண்டாம். நம் திருச்சபையைச் சேர்ந்த ஒரு குருவானவரே இதில் எனக்குத் துணை இருக்கிறார். ஜெர்மனி நாட்டில் பவேரியாவில் 1821-ல் பிறந்தவர் செபஸ்தியான் நைப். குருத்துவப் படிப்புக் காலத்தில் அவருக்குக் காசநோய் கண்டது. அந்நாளில் அதற்கு மருந்தில்லை. குளிர்நீர் வைத்தியம் பற்றிய ஒரு பழைய புத்தகம் அவர் கைக்குக் கிடைத்தது. 1849-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவர் டான்யூப் நதிக்கு ஓடிச் சென்று, சில விநாடிகள் மூழ்கி, உடனே உடுத்திக்கொண்டு ஓடித் திரும்புவாராம். அவர் பிழைத்தார், 1852-ல் குருப்பட்டம் பெற்றார், 1897 வரை வாழ்ந்தார். டொமினிக்கன் கன்னியர் மடத்துக்கு ஆன்ம குருவாக வோரிஸ்ஹோஃபன் என்ற ஊருக்கு அனுப்பப்பட்ட அவர், அங்கே நீர் வைத்தியத்தால் உலகப் புகழ் பெற்றார். காசநோயை வெறும் தண்ணீர் தீர்த்தது என்று இன்றைய மருத்துவர் எவரும் ஒப்பமாட்டார். நானும் அப்படிச் சொல்லவில்லை. அவருடைய நிதானம்தான் என்னைக் கவர்ந்தது. ஆரம்பத்தில் கடுமையாக இருந்த அவர், வயது ஏற ஏற முறையை மென்மையாக்கிக்கொண்டே வந்தார். குளிர்ந்திருக்கும் உடம்பில் குளிர்நீரை ஊற்றாதே, சூடேறியிருக்கும்போது ஊற்று, சிறிது நேரமே ஊற்று, பிறகு நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொள் என்பது அவர் கொள்கை. இன்று பனிக்கட்டித் தொட்டியில் பத்து நிமிடம் உட்கார்ந்து படம் பிடித்துக்கொள்பவர்களைவிட, 19-ஆம் நூற்றாண்டுச் சாமியாருக்கு விவேகம் அதிகம் என்பேன்.

பழக்கத்தால் உடம்பு குளிரைக் கற்றுக்கொள்கிறது என்பதும் நிரூபிக்கப்பட்ட விஷயம். மூன்று நிமிடங்கள் வீதம் ஐந்தாறு முறை குளிர்நீரில் இறங்கி ஏறினாலே அந்த முதல் நிமிடத் திணறல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறதாம். அப்பழக்கம் பல மாதங்கள் நிலைத்தும் நிற்கிறது. மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் விடியலில் சிரமமின்றிக் குளிர்நீரில் முழுகுவதைப் பார்த்து வியந்திருக்கிறேன். முதல் நாளைவிடப் பத்தாம் நாள் அவர்களுக்கு எளிதாக இருப்பதற்கு பக்தியோடு இந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். குளித்து எழுந்தபின் மனம் தெளிவதும் கற்பனையன்று. குளிரில் உடல் சில சுரப்புகளை மிகுதியாகச் சுரக்கிறது. ஆனால் நீந்தியதாலும், தோழியரோடு சிரித்ததாலும், திறந்த வானத்தின் கீழே நின்றதாலும் வந்த சந்தோஷத்தைக் குளிரின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமல்ல.

நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் குளிர் விட்டுவைப்பதில்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் பிறந்த ‘ஆழிக்குமரன்’ ஆனந்தன் அவர்களை நம் தலைமுறையினர் மறந்துவிட்டோம். 1971-ல் பாக் நீரிணையை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கும், திரும்ப இலங்கைக்குமாக 51 மணி நேரம் நீந்தியவர் அவர். எத்தனையோ உலக சாதனைகளுக்கு உரியவர். அவரே 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிரிழந்தார். பாக் நீரிணை வெப்ப மண்டலத்துக் கடல். ஆங்கிலக் கால்வாயோ கோடையின் உச்சத்திலும் 18 டிகிரியைத் தாண்டுவது அரிது. குளிரில் நீண்ட நேரம் நீந்தும்போது முதலில் விறைப்பது கையும் காலும். நீச்சல் தெரியும், ஆனால் நீட்ட வேண்டிய கை நீளாது. இதையும் வென்ற ஒரு பெண்ணை நாம் நினைவில் கொள்ள வேண்டும். கல்கத்தாவைச் சேர்ந்த ஆரத்தி சாஹா, 1959 ஆகஸ்டில் அதே கால்வாயில் தோற்று, செப்டம்பர் 29 அன்று மீண்டும் இறங்கி, 16 மணி 20 நிமிடங்களில் நீந்திக் கடந்தார். ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி அவர். அப்போது அவருக்கு வயது 19, நம்மைவிட நான்கு வயதுதான் மூத்தவர்! ஆனால் அவர் ஒரே நாளில் குளிர்கடலுக்குப் போய்விடவில்லை. அதற்கு முன்பே கல்கத்தாவில் குளத்திலும் ஹூக்ளி நதியிலும் மணிக்கணக்காக நீந்திப் பழகியிருந்தார்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நம் ஊரில் ஆண்பிள்ளைகள் முதுகில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கி நீந்தக் கற்கிறார்கள். அண்ணனோ சித்தப்பாவோ மேலே நின்று பார்த்துக்கொள்கிறார். அவர்களுக்குச் சளி பிடிக்காதா? பெண்பிள்ளைகள் நாம் ஆற்றுக்குப் போவது துணி துவைக்க, திருவிழாவில் தலை நனைக்க, சுற்றுலாவில் அருவியில் நிற்க. இவ்வளவுக்கும் போகலாம், நீந்தக் கற்க மட்டும் கூடாது! ஆக, தண்ணீருக்கு அருகே போகாமல் இருப்பதில்லை, தெரியாமல் போகிறோம்.

இதன் பலனை நாம் பத்திரிகையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். 2022 ஜூன் 5 அன்று கடலூர் மாவட்டம் குச்சிப்பாளையத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணை அருகே குளிக்கச் சென்ற சிறுமிகளும் இளம்பெண்களுமாக ஏழு பேர் மூழ்கி இறந்தார்கள். 2023 பிப்ரவரி 15 அன்று, கால்பந்துப் போட்டிக்காக வந்திருந்த புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளி மாணவிகள் நால்வர் மாயனூரில் காவிரியில் மாண்டார்கள். பந்து உதைத்து விளையாடக் கற்றிருந்த பிள்ளைகள்! இவர்களை மாய்த்தது குளிரன்று, ஆழம். எனினும் குளிர் வரும்போதும் கதை இதுதான். ஒருத்தி தடுமாறுகிறாள், அடுத்தவள் கை கொடுக்கிறாள், இருவரும் போகிறார்கள், மூன்றாமவள் ஓடி வருகிறாள். நம் தேசத்தில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 38,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறந்ததாக அரசின் கணக்கு கூறுகிறது. சளி பிடித்து இறந்தவர்களைப் பற்றி எந்தத் தாயும் இந்த அளவுக்குக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

முதல் நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்றும் பெரிய வித்தையன்று. குதிக்காமல், காலும் இடுப்பும் பிறகு மார்பும் நனையுமாறு மெல்ல இறங்க வேண்டும். தவறி விழுந்துவிட்டால், கையைக் காலை அடித்துக்கொள்ளாமல் மல்லாந்து, முகத்தை வானத்துக்குக் காட்டி மிதக்க வேண்டும். மூச்சு சீரான பிறகே நீந்தவோ கத்தவோ வேண்டும். மற்றொருத்தி மூழ்கினால் நாம் குதிக்காமல், துப்பட்டாவையோ கயிற்றையோ கம்பையோ வீச வேண்டும், மிதக்கும் காலிக்குடமும் உதவும். கரையேறிய பின் ஈரத்துணியை உடனே மாற்றிக்கொள்ள வேண்டும், ஏனெனில் வெளியே வந்த பிறகும் சிறிது நேரம் உடம்பு குளிர்ந்துகொண்டே போகும். அந்த இடத்தில் சுக்குக் காப்பிக்கு நான் பரம விசிறி. ஆனால் மல்லாந்து மிதப்பதைக் காகிதத்தில் படித்துக் கற்க முடியாது. அதற்குத் தண்ணீர் வேண்டும், பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்.

தேனி மாவட்ட விளையாட்டு அரங்கில் நீச்சல் குளம் இருக்கிறது. தேனியைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் 2019-ல் பாக் நீரிணையை நீந்திக் கடந்தான். 2022-ல் தேனி மாணவர் ஒருவர் அதைப் போகவர இருமுறையும் நீந்தினார். நம் மண்ணுக்கு நீச்சல் வராது என்று யாரும் சொல்ல முடியாது. அவர்கள் இருவரும் ஆண்பிள்ளைகள் என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன்.

ஆகவே மதிப்புக்குரிய அருட்சகோதரிகளிடமும் பெற்றோர்களிடமும் ஒரு வேண்டுகோள். தையல் வகுப்பு, தட்டச்சு வகுப்பு போல, ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு மாணவிக்கும் கோடை விடுமுறைக்கு முன் பத்து நாட்கள் நீச்சல் வகுப்பு நடத்த வேண்டும். சாக்கடை கலக்கும் ஆற்றிலும் வேண்டாம், கசம் உள்ள அருவியிலும் வேண்டாம், அளவு தெரிந்த குளத்திலேயே நடக்கட்டும். உடையைப் பற்றிய கவலை தாய்மார்களுக்கு இருக்கும், அது நியாயமே. முழங்கை, முழங்கால் வரை மூடிய நீச்சலுடைகள் கடைகளில் கிடைக்கின்றன. நம் பிள்ளைகளுக்கென்று தனி நேரமும், கற்பிக்க ஒரு பெண் பயிற்சியாளரும், ஈரம் மாற்ற ஓர் அறையும், குளக்கரையில் உட்கார்ந்திருக்க ஒரு சிஸ்டரும் போதும். ஆஸ்துமாவோ வலிப்போ இருதயக் கோளாறோ உள்ள மாணவிகள் டாக்டரின் சீட்டோடு வரட்டும். நான் இந்த ஆண்டோடு பத்தாம் வகுப்பை முடிக்கிறேன். ஆறாம் வகுப்பில் இப்போது இருக்கும் தங்கைகளுக்குப் பெயர்ப்பட்டியல் எழுதும் வேலையைத் தந்தால், பரீட்சை முடிந்த மறுநாளே வந்து எழுதித் தருகிறேன்.